அம்மாவுக்கு ஒரு தாள்

திருத்தணி
9.6.2024

அன்புள்ள கவிக்கு,

ஷோபனா எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உன் அண்ணன் அரக்கோணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்து கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. இரண்டு நாளாகச் சளி. நெஞ்சில் கட்டியிருக்குமோ என்று மணிக்கொரு தரம் காதை வைத்துப் பார்க்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கவரைச் செவ்வாய்க்கிழமை தபால்கார ரஞ்சிதம் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இரண்டு தாள். ஒன்றில் 'அம்மாவுக்கு' என்றும் இன்னொன்றில் 'அண்ணிக்கு' என்றும் போட்டிருந்தாய். அந்த இரண்டாவது தாள் எனக்குத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அந்த யூடியூப் பேட்டியில் உனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று நீ உடைத்துச் சொன்ன நாளிலிருந்து உன் அண்ணன் தன் போனிலும் என் போனிலும் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். அத்தையின் போனில் தடுக்கவில்லை. பெற்ற மகளின் போனை அத்தையேதான் எடுக்க மாட்டேன் என்கிறார். காரணம் கேட்டேன்.

"போன்ல பேசினா நான் எதுனா கேட்டுடுவேன், அவ எதுனா சொல்லிடுவா. லெட்டர்னா காதுல வாங்கிகினா போதும். நீ படி" என்றார்.

படித்தேன். நகரியில் எட்டாவது வரை தெலுங்கிலேயே படித்த மனுஷி. நம் எழுத்து அவருக்கு பஸ் போர்டோடு சரி. உனக்கோ தெலுங்கு எழுத வராது. ஆகவே உனக்கும் அவருக்கும் நடுவில் இனி நான்தான் வாய். நீ மெலிந்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னார். தான் என்று காட்டாமல், நான் கேட்பதுபோல் கேட்கச் சொன்னார்.

'கூடத் தங்கியிருக்கும் உதயா நன்றாகச் சமைப்பாள், கவலை வேண்டாம்' என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கும்போது பெயரை விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை, வாயில் வரவில்லை.

யார் அது?

பாப்பா எழுந்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷோபனா

சென்னை
22.6.2024

ஷோபிக்கு,

நான் நலம். மெலியவில்லை, இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். பாப்பா சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு எதையும் வாங்கி ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு. அண்ணி என்று எழுதியதற்குத் திட்டாதே. கவர் உன் கைக்கு வரும்முன் அண்ணன் கைக்குப் போனால் என்ன செய்வது?

படம் உறுதியாகிவிட்டது. தியேட்டருக்கு இல்லை, ஓடிடிக்கு. ஆனாலும் என் பெயரில் முதல் படம்.

நம் படங்களில் என்னைப் போன்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று பழைய படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் இடுப்பை வளைத்து நடந்து வந்து, அறை வாங்கி, சிரிப்பு மூட்டிவிட்டுப் போகிறவன். பிறகு பைத்தியம் முற்றிக் கத்தி எடுக்கிற பெண். பிறகு கதை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது, கடைசிக் காட்சியில் அவளைச் சாகடித்தார்கள். செத்தால்தான் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்பார்களாம். என் படத்தில் இரண்டு பெண்கள் கத்தரிக்காய் வாங்குகிறார்கள், அதில் சொத்தை இருந்ததற்குச் சண்டை போடுகிறார்கள். யாரும் சாவதில்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். கதை நம்முடையது. பிரியாமல் இருப்பதற்காகத் தன் அண்ணனுக்கே சிநேகிதியைக் கட்டிவைக்கிற ஒருத்தியின் கதை. உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். வேண்டாம் என்றால் இப்போதே சொல்.

அண்ணியாக உதயா நடிக்கிறாள். சித்தூர்ப் பெண், தெலுங்கு வீடு, நாடகத்தில் இருந்து வந்தவள். நீ கேட்டாய், நான் மறைக்கப்போவதில்லை. அவள் அறைத்தோழி இல்லை. ஒன்றரை வருடமாக நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம்.

நீ எப்படி நடப்பாய், கோபம் வந்தால் என்ன செய்வாய், அழுகை வந்தால் எங்கே போய் நிற்பாய், இதையெல்லாம் அவள் கேட்கிறாள். எழுதி அனுப்புவாயா?

அம்மாவுக்கான தாளில் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். முடிந்ததும் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என்ன சொல்கிறாள் என்று எழுது. எனக்கு அது ஒன்று போதும்.

கவி

திருத்தணி
4.8.2024

அன்புள்ள கவிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பாப்பாவுக்கு நடுவில் நான்கு நாள் காய்ச்சல். அதோடு ஆடிக் கிருத்திகைக் கூட்டம். காவடி எடுத்து வந்தவர்கள் தெரு நெடுக உட்கார்ந்திருந்தார்கள், அத்தை முழங்கால் வலியோடு அண்டாவில் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பதில் ஆறு வாரம் தள்ளிப்போனதற்கு இவைதான் காரணம் என்று எடுத்துக்கொள்.

இரண்டாம் வருடம் அரக்கோணத்தில் கல்லூரிக்கு மட்டம் போட்டு மதியக் காட்சிக்குப் போனது உனக்கு நினைவிருக்கிறதா? உதட்டுச்சாயம் போட்ட ஒருவன் கதாநாயகன் தோளில் சாய்வான், கதாநாயகன் ஓங்கி அறைவான். தியேட்டர் முழுக்க விசில். நானும் சிரித்தேன். நீ என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாய். அப்போது உன் கை என் கைக்குள் இருந்தது. சிரிக்கச் சிரிக்க அது சில்லிட்டுக்கொண்டே போனது. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம், படத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் படத்தில் அந்தக் கை வருமா? அதை உதயாவா பிடிப்பாள்?

அவள் கேட்டதற்கு எழுதுகிறேன். கோபம் வந்தால் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொள்வேன். அழுகை வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பேன். நடக்கும்போது தலை குனிந்திருக்கும். போதுமா? அவள் நல்ல நிறமா? என்னைவிட உயரமா? நைட்டி போட்டுக்கொண்டு நடிப்பாளா, புடவையா? என் நைட்டியில் எல்லாம் பாப்பா கக்கிய பால் வாடைதான். அதையும் நடிக்கச் சொல்.

அத்தைக்குத் தாளைப் படித்தேன். முழுவதும் படித்தேன் என்றே வைத்துக்கொள். ஒன்றும் சொல்லவில்லை.

கதையை எழுதியது எழுதியதுதானே, இப்போது என்னைக் கேட்டு என்ன? எடு. பெயரை மட்டும் மாற்றிவிடு.

பாப்பாவுக்கு இரண்டாவது பல்லும் வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷோபனா

சென்னை
15.8.2024

ஷோபி,

பாப்பாவின் காய்ச்சல் விட்டதா? இரண்டு பல்லோடு ஒரு போட்டோ அனுப்பக் கூடாதா? அவள் காதில் பெயர் சொல்லியிருக்க வேண்டிய அத்தை நான். அன்று ரஞ்சிதம் அக்கா சொன்னதாகக் கேள்விப்பட்டபோது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

ஒன்றும் சொல்லவில்லை என்றால் எப்படிச் சொல்லவில்லை? முகத்தைத் திருப்பிக்கொண்டாளா? எழுந்து போனாளா? கேட்டபடியே கீரை ஆய்ந்தாளா? எனக்கு அம்மா இப்போது உன் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறாள். கஞ்சத்தனம் பண்ணாதே.

உன் குறிப்புகளை உதயாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றாள்.

தயாரிப்பாளர் பரசுராமன் ஒரு வாரமாக உயிரை எடுக்கிறார். அண்ணி தூக்கு மாட்டிக்கொண்டால்தான் படத்துக்குக் கனம் வருமாம். "எவனாச்சும் அழணும்மா, அழாம எழுந்து போனா பணம் எப்டி வரும்?" என்கிறார். நான் எழுதியிருப்பது வேறு. அவள் பையை எடுத்துக்கொண்டு சிநேகிதியோடு ரயில் ஏறிவிடுகிறாள். உதயா அதுவும் பொய் என்கிறாள். நீதான் சொல்ல வேண்டும். அவள் என்ன செய்வாள்?

ஷோபி, அந்த யோசனை என்னுடையதுதான். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, "எங்க அண்ணனைக் கட்டிக்கோடி, நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்ல இருந்தா ஊர்ல எவன் இன்னா கேப்பான்?" என்று சொன்னது நான். பெரிய தந்திரம் கண்டுபிடித்துவிட்டதாக இருவரும் கைகொட்டிச் சிரித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்து அறையில் என்னால் படுக்க முடியவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் கிளம்பிவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இதைப் படத்தில் வைத்திருக்கிறேன், என் மேல்தான் தப்பு என்று வைத்திருக்கிறேன்.

இந்தக் கவரில் அம்மாவுக்கு நீளமாக எழுதியிருக்கிறேன். உதயாவைப் பற்றி, நாங்கள் வாழ்வதைப் பற்றி, எல்லாம். 'என் பக்கத்தில் உட்கார்ந்து என் படத்தைப் பார்க்க நீ வரவேண்டும் அம்மா' என்று முடித்திருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றாமல் படி. உன் குரலில் கேட்டால் அவளுக்குக் கோபம் குறையும்.

கவி

திருத்தணி
29.8.2024

அன்புள்ள கவிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தவழ ஆரம்பித்திருக்கிறாள். கண்ணை எடுத்தால் ஏதாவது ஒன்று வாயில். நேற்று ஒரு பட்டனை விரல் விட்டு எடுத்தேன், இன்று வீட்டை மூன்று தரம் பெருக்கிவிட்டேன். போட்டோ வைத்திருக்கிறேன்.

அண்ணி என்ன செய்வாள் என்று கேட்டாய். சாக மாட்டாள். சாவதற்கு அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது? குழந்தைக்கு ஆறு வேளை ஊட்ட வேண்டும், நடுவில் வீட்டுக்காரருக்கு டப்பா கட்ட வேண்டும். ரயிலும் ஏற மாட்டாள். பையில் எதை வைப்பாள்? தன் புடவையை வைத்தால் குழந்தை துணிக்கு இடமிருக்காது. குழந்தை துணியை வைத்தால் அது வேறு பயணம். அவள் இருப்பாள், கவி. வீட்டுக்காரர் நல்லவர், அடிக்கிறவர் இல்லை, அவர்மேல் பழி போடவும் வழியில்லை. அந்த வீட்டிலேயே இருப்பாள். வெறுமனே இருப்பதை உன்னால் படம் எடுக்க முடியுமா? முடியாவிட்டால் தூக்கிலேயே போட்டுவிடு, உன் தயாரிப்பாளராவது சந்தோஷப்படுவார்.

என்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று உதயா சொன்னதை எனக்கு ஏன் எழுதினாய்? காட்சிப் பொருளா நான்? அவளுக்கு நீ இருக்கிறாய். என் கோபமும் அழுகையும்கூட இப்போது அவளிடம். இன்னும் என்ன பார்க்க வேண்டுமாம்?

அத்தைக்குப் படித்தேன். "எனுக்கு இந்தப் படமெல்லாம் வாணாம்" என்றார். அவ்வளவுதான். நீ கேட்டபடி எப்படிச் சொன்னார் என்றும் எழுதுகிறேன்: கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல்.

நேரத்துக்குத் தூங்கு.

ஷோபனா

சென்னை
10.10.2024

ஷோபனாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். படப்பிடிப்பு முடிந்துவிட்டது. நீ சொன்ன முடிவைத்தான் எடுத்தோம். பரசுராமன் சாரிடம் உன் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். "யாரும்மா இது, எழுத்தாளரா?" என்றார். எங்க அண்ணி என்றேன்.

இனி அம்மாவுக்குத் தாள் வைக்க மாட்டேன். வேண்டாம் என்றவளை எத்தனை முறை கேட்பது? நீயும் படித்துப் படித்துக் களைத்திருப்பாய்.

பாப்பா போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கவி

திருத்தணி
14.11.2024

கவி,

நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. ஆனாலும் அத்தை நலம், பாப்பா நலம்.

போன வாரம் ரஞ்சிதம் அக்கா ஒரு கவர் கொடுத்தார். மேலே விலாசம் தமிழில், உன் கையெழுத்து இல்லை. அத்தை பெயருக்கு வந்ததை எப்போதும்போல நானே பிரித்தேன். உள்ளே மூன்று பக்கம் தெலுங்கு. ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் எழுதியது உதயா என்று பார்த்ததுமே தெரிந்தது. என் வேலையையும் அவள் எடுத்துக்கொண்டாள் என்று தோன்றியது. அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். திருப்பதி பஸ் நிற்குமிடத்தில் பூ விற்கிற தெலுங்குக்கார அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் உலைக்கு அரிசி எடுக்கப் போன அத்தையே அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து படித்தார். உதடு அசைய அசைய, ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பாப்பா போய்ப் புடவையைப் பிடித்து இழுத்தாள், அதையும் கவனிக்கவில்லை. பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஷோபனா, கவி எனுக்கு எழுதனதுல நீ படிக்காம வுட்டது எதுனா இருக்குதா?"

"ஆங்" என்றேன்.

"எடுத்தாந்து படி."

இரண்டு தாளையும் கொண்டுவந்து படித்தேன். ஜூன் மாதத்தது, ஆகஸ்ட் மாதத்தது. கவி, நான் உன் படத்தைப் பற்றி அவரிடம் ஒரு வரியும் சொல்லியிருக்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கீரை ஆய்ந்தது நான். 'கவி நல்லாயிருக்காளாம், வேலை ஜாஸ்தியாம்' என்று நானே இட்டுக்கட்டிப் படித்தேன். ஆகஸ்ட் தாளில் 'என் பக்கத்தில் உட்கார்ந்து' என்ற இடத்துக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்தேன். அத்தை விடவில்லை. "நிறுத்தாத, படி" என்றார்.

முடித்ததும் கேட்டார். "ஏம்மா மறைச்ச?"

"பயமா இருந்துச்சுங்க அத்தை. நீங்க அவகிட்ட போய்ட்டா, அப்புறம் எல்லாரும் அங்கதான் போவீங்கன்னு."

"எல்லாரும்னா? யார் யாரு?"

நான் தாள்களை மடித்து அடுக்கினேன். அவர் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கனகம்மாசத்திரம் பஸ்ல வந்து எறங்கி நீ நம்ம வூட்டுக்கு நடந்து வருவ பாரு, அந்தக் காலத்துல, காலேஜ் படிக்கச் சொல்ல. உன்ன தூரத்துல பாத்ததுமே கவி போய் மூஞ்சி கழுவிகினு வருவா. நான் பாக்கலியா? என் புள்ள உன்னக் கட்டினா ரெண்டு பேரும் என் கண்ணெதிர்லயே கெடப்பீங்கன்னு நான்தான் அவசரப்பட்டேன். கவியோட நைனா உசுரோட இருந்திருந்தா வாணான்னு சொல்லியிருப்பாரு. அந்தாளுக்கு இதெல்லாம் புரியும்."

நாம் இருவர் மட்டும் போட்ட திட்டம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம், கவி. மூன்றாவதாக ஒருத்தரும் அதையே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னைத் திட்டி எழுது.

ஷோபனா

சென்னை
25.11.2024

ஷோபனாவுக்கு,

திட்டித் திட்டி நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

மூன்று மாதம் நான் அம்மாவை வெறுத்துக்கொண்டிருந்தேன், ஷோபி. ஒரு தீபாவளி போயிற்று. கீரை ஆய்ந்துகொண்டே என்று எழுதினாயே, அந்தக் காட்சியை நான் படத்தில்கூட வைத்துவிட்டேன். இல்லாத கீரை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் நீயும் நானும் பேசவே முடியாமல் போய்விடும். நிறுத்திக்கொள்கிறேன்.

உதயா தெலுங்கில் எழுதியது அவளாகச் செய்தது. எனக்குப் பிறகுதான் தெரியும். என்ன எழுதினாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் 'அது எனக்கும் உங்க அம்மாவுக்கும்' என்கிறாள். ஆக, பொறாமைப்பட எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

ஜனவரி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் படத்தைத் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறோம். இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறேன். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று அம்மா யாரைக் கூட்டிவர நினைக்கிறாளோ அவருக்கு. அது யார் என்று நான் சொல்லமாட்டேன்.

பாப்பாவுக்கு ஒரு வயது ஆகியிருக்கும். முத்தம்.

கவி

திருத்தணி
9.1.2025

அன்புள்ள கவிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பாப்பா ரயிலிலேயே தூங்கிவிட்டாள். சொல்லாமல் கிளம்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நின்றிருந்தால் ஏதாவது செய்திருப்பேன்.

அத்தை என்னைத்தான் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை. "தமிழ்லதானே எழுத்து போடுவாங்க, எனுக்கு யார் படிப்பா? கெளம்பு" என்றார். உன் அண்ணனிடம் பட்டணத்தில் கல்யாணம் என்று சொல்வோமா என்றேன். "கவி படம் பாக்கப் போறோம்னு சொல்லு, பொய் சொன்னது போதும்" என்றார். அவரே சொன்னார். உன் அண்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்துவிட்டு, ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

படத்தின் ஆரம்பத்தில் பெயர்கள் வர வர அத்தை காதில் படித்துக்கொண்டே இருந்தேன். 'எழுத்து, இயக்கம் கவிப்பிரியா' என்று படித்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன்.

நான் அனுப்பிய குறிப்பெல்லாம் பொய், கவி. முந்தானையைக் கடித்ததே இல்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றதும் இல்லை. உதயா அப்படி நடித்து, பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் திரையில் அவள் கோபம் வந்ததும் மடித்து வைத்த துணியையே மறுபடி உதறி மறுபடி மடித்தாள். விளிம்பை நகத்தால் நீவினாள். நான் அதை யாருக்கும் எழுதவில்லை. எனக்கே அது நான் செய்வதென்று அங்கேதான் தெரிந்தது. அப்படியானால் நீதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அவள் எதிரில் உட்கார்ந்து, என்னை ஞாபகப்படுத்தி, உதறு, நீவு என்று. அந்த ஒரு நிமிஷம் அவள்மேல் எனக்குப் பொறாமையே இல்லை. அடுத்த நிமிஷம் வந்துவிட்டது.

தியேட்டரில் கையைப் பிடிக்கிற காட்சி வந்தபோது பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. தனியாகச் சிரித்தது அவனுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும், இருமி மறைத்தான். அரக்கோணம் தியேட்டரில் அன்று யாராவது ஒருவர் இப்படிச் சும்மா இருந்திருந்தால் நாமும் சிரிக்காமல் இருந்திருப்போமோ என்னவோ.

அவள் அந்த வீட்டில் இருக்கிறாள். சாகவில்லை, போகவில்லை, அடுப்பைத் துடைக்கிறாள், இருக்கிறாள். எடுத்துவிட்டாய்.

பிறகு வெளியே வந்ததும் உதயா அத்தையிடம் தெலுங்கில் என்னவோ சொன்னாள். அத்தை அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் என் மோவாயை அவர் தொட்டதில்லை. நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டாய், அவள் அழாமல் உன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். யாரிடமும் போகாதவள். எல்லோரும் சேர்ந்து நின்றீர்கள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றேன். அப்போது உதயா என்னிடம் வந்து, "அக்கா, சரியா பண்ணினேனா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. உண்மையிலேயே பயந்துபோய்க் கேட்டாள்.

"ஆங், சரிதான்" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இனிமேலும் பிடிக்காது. நல்ல பெண்ணாக இருப்பதுதான் அவள் எனக்குச் செய்த அநியாயம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு, கறுத்துப் போயிருக்கிறாய்.

ஷோபனா

திருத்தணி
2.2.2025

அன்புள்ள கவிக்கு,

இது அத்தையின் கடிதம். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எழுதியதும் படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஒரு சொல்லும் விடவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை.

'கவி, அம்மா சொல்றேன். நல்லாகீறியா? மாசி மூணாவது ஞாயித்துக்கெழம மலையில பாப்பாவுக்கு மொட்ட போட்டு காது குத்தறோம். ஷோபனாவுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல, மாமன் மடிக்கு நான் எங்க போவேன்? அத்தை மடி போதும்னு சொல்லிட்டேன். நீ வந்து மடியில வச்சிக்கோ. உங்கண்ணன் ஊர்ல இன்னா பேசுவாங்கன்னான். மூணு வருசமா பேசாத ஊரா, பேசிட்டுப் போவட்டும்னேன். அவன் சரின்னும் சொல்லல, வாணான்னும் சொல்லல. அன்னிக்கு லீவு மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்தான். உதயாவையும் கூட்டினு வா. தனியா வுட்டுட்டு வராத. ரெண்டு பேருக்கும் பொடவ எடுத்து வச்சிகீறேன். ஒரே கலர்தான், சண்ட போட்டுக்காதீங்க.'

இதோடு அத்தை சொன்னது முடிந்தது. இனி நான்.

'உதயாவையும் கூட்டினு வா' என்பதை எழுத என் பேனா கொஞ்சம் நின்றது. "இன்னா, மையி இல்லியா?" என்றார் அத்தை. எழுதிவிட்டேன்.

பாப்பாவுக்குக் காது குத்தும்போது ரத்தம் வருமோ, பழுத்துவிடுமோ என்று இப்போதே தினமும் அத்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள். தலையைத் திருப்ப விடாதே. உன்னிடம் இருப்பாள் என்று தெரியும், பார்த்தேனே.

தாளின் அடியில் இரண்டு வரி தெலுங்கில் இருக்கிறது. நான் முடித்ததும் அத்தை பேனாவை வாங்கித் தன் கையால் எழுதினார். நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி.

"இன்னா அத்தை எழுதினீங்க?"

"எழுதனது அவங்களுக்கு. உனுக்கின்னா?" என்றார். கோபமில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பாப்பாவைக் குளிப்பாட்டப் போய்விட்டார்.

அந்த எழுத்தில் என் பெயர் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் தேடிப் பார்த்தேன்.

உதயாதான் உனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். நீ அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் அம்மாவின் சொல் அவள் குரலில் உனக்குள் போகும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த இரண்டு வரியை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டுக் கவரை ஒட்டினால் அத்தைக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கத்தரிக்கோல் எதிரில்தான் இருக்கிறது. இவ்வளவு நேரமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன்.

ரஞ்சிதம் அக்கா வருகிற நேரம். முழுத் தாளையும் வைத்து ஒட்டப்போகிறேன்.

அவளை ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்.

ஷோபனா